வரலாற்றுச் சொற்பொழிவும் கரிசல் நிலமும்

முன்னுரை

பல்கலைக்கழகங்கள் பொதுமக்கட்கென நடத்தும் வரலாற்றுச் சொற்பொழிவுகளின் பயன் யாது என்னும் வினா கற்றோரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. ஆராய்ச்சியாளர் அரிதின் முயன்று கண்ட முடிபுகளை மற்றையோர்க்கு எளிமையாக எடுத்துரைத்தலே அவற்றின் பயன் என்பர் பலர். அவ்விடை பொருத்தமுடையதே; ஆயினும் முழுமையுடையதன்று. வானநூலையோ வேதிநூலையோ கேட்க வருவோர் பெரும்பாலும் அத்துறைக்குப் புதியவர். வரலாறு கேட்க வருவோர் அத்தகையரல்லர். தம் ஊர், தம் குடி, தம் கோயில், தம் பாளையம் ஆகியவை பற்றிய செய்திகள் பல அவர்தம் உள்ளத்தில் முன்னரே இடம்பெற்றுள்ளன. அவற்றுட் சில மெய், சில புனைவு, பல இரண்டும் கலந்தவை. ஆதலின், வரலாற்றுச் சொற்பொழிவாளர் மக்களுக்கு உரைப்பதோடு அமையாது, மக்கள் உரைப்பதைக் கேட்டு ஆராயும் கடப்பாடும் உடையர் என்பது எம் கருத்து. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை ஈண்டு விளக்குவாம்.

கழுகுமலையின் சான்று

உரைப்போர்க்கு அறக்கட்டளை அமைக்கும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து நாம் பெற்றதெனக் கருதுவோர் உளர். கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலை இக்கருத்தை மறுக்கும். பண்டு அரைமலை என வழங்கிய இம்மலையில் கி. பி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வெட்டுவான் கோயிலும், பாறையிற் செதுக்கிய சமணத் திருவுருவங்களும் உள்ளன. உருவங்களின் கீழ் வட்டெழுத்திற் பொறித்த சிறு கல்வெட்டுகள் பல காணப்படுகின்றன. அவை உருவத்தைச் செய்வித்தவர் பெயரையும் ஊரையும் கூறுகின்றன. அவர் இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்பதையும் பல இடங்களிற் கூறுகின்றன. குரத்தியர் எனப்படும் பெண்பால் ஆசிரியரும் அவற்றுட் குறிக்கப்பெறுகின்றனர். சித்தாந்தத்தை விரித்துரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க நிவந்தம் அமைத்த செய்தியும் அம்மலைக் கல்வெட்டால் அறியப்படுகிறது.

இதனைப் பல்கலைக்கழகம் எனக் கூறுதல் மிகையாகும். எனினும், ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தைச் சார்ந்து வாழ்ந்தமையும், பல்வேறு ஊரார் அங்கு வந்து தொடர்பு கொண்டமையும், உரைப்போரைப் பேணுதல் அறமெனக் கொள்ளப்பட்டமையும் கருதத்தக்கன. வானம் பார்த்த இந்நிலத்தில், விளைவு நிலையற்றதாயிருந்தும், உரை கேட்டற்குப் பொருள் ஒதுக்கிய மக்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே வாழ்ந்தனர் என்பது தெளிவு.

பல்கலைக்கழகம் அணுகிய வரலாறு

இக்காலப் பல்கலைக்கழகம் கரிசல் நிலத்தை மெல்ல மெல்லவே அணுகியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன்கண் இந்திய வரலாற்றுத் துறை 1914இல் அமைய, சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் முதற் பேராசிரியராய் விளங்கினார். அவருக்குப்பின் அப்பதவியேற்ற கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் நெல்லைச் சீமையிலுள்ள கல்லிடைக்குறிச்சியிற் பிறந்தவர். பாண்டிய அரசைப் பற்றிய அவரது நூல் 1929இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்நாளில் பல்கலைக்கழகத்து வரலாற்று உரைகளும் பெரும்பான்மை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. பாண்டிய நாட்டு உழவர் ஒருவர் அவற்றைக் கேட்க விரும்பின், தொலைவு ஒரு தடையாகவும் மொழி மற்றொரு தடையாகவும் நின்றன.

மொழித்தடை முதலில் தளர்ந்தது. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பாண்டியர் வரலாற்றைத் தமிழில் எழுதினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். ஊர்ப்பெயர்களை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு 'ஊரும் பேரும்' எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளை, தம் அன்னையார் சொர்ணம்மாள் பெயரால் சென்னை, அண்ணாமலைப் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவு அறக்கட்டளைகளை நிறுவினார். ஓர் அன்னையின் பெயரால் தமிழுரை நிகழ வழி செய்தமை போற்றத்தக்கது. தொலைவுத்தடை பின்னரே குறைந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இலும், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இலும் தோன்றின. சென்னையை நோக்கியிருந்த கோவில்பட்டி மாணவர்க்கு மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டரிலும், திருநெல்வேலி அதனிற் பாதித் தொலைவிலும் வாய்த்தன.

தொலைவும் மொழியும் தடையல்லவாயின பின்னரும், சொல்லுவோர் யார், கேட்போர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதன் அருமையை இந்நிலத்துப் பாளையக்காரர் வரலாறு நன்கு உணர்த்தும்.

ஒரு போர், பல கூற்றுகள்

பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அண்டையிலிருந்த பாளையங்கள். எல்லை பற்றிய பூசல் அவற்றிடையே நெடுநாள் இருந்தது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஜாக்சன் துரைக்கும் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் நிகழ்ந்த சந்திப்பு குழப்பத்தில் முடிந்தது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். 1801 மே மாதத்தில் அக்கோட்டை கும்பெனிப் படையிடம் வீழ்ந்தது. எட்டயபுரத்தார் இப்போர்களில் கும்பெனியின் பக்கம் நின்றனர்.

இந்நிகழ்ச்சிகட்குச் சான்றுகள் மூவகைப்படும். முதலாவது கும்பெனியாரின் கடிதங்களும் படைத்தலைவர்களின் குறிப்புகளும். கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூல் பெரிதும் இவற்றைத் தழுவியது. இரண்டாவது அரண்மனை வரலாறு. எட்டயபுர அரசர் மரபைக் கூறும் 'வம்சமணி தீபிகை' 1879இல் அச்சேறியது. அதனைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித் தர விரும்பி, அவ்வூரிற் பிறந்த பாரதியார் 1919இல் அரசர்க்குக் கடிதம் எழுதினார். மூன்றாவது மக்கள் பாடியும் ஆடியும் வந்த கதைப்பாடல்களும் கூத்துகளும்.

இம்மூன்றனுள் ஒன்றை மட்டும் நம்பிச் சொற்பொழிவாற்றுவோர் தவறுவர். கும்பெனிக் கடிதங்கள் நாளையும் கிழமையையும் வரித்தொகையையும் துல்லியமாகத் தருகின்றன. கலகக்காரர் என ஒருசாரார்க்குப் பெயரிட்டபின், அவர்தம் நோக்கத்தை ஆராய்வதில்லை. அரண்மனை நூல் தன் குலத்துக்குப் பெருமை தேடுகிறது. கதைப்பாடல் மக்களின் தீர்ப்பைக் கூறுகிறது. நாள்முறையைப் பிறழக் கூறுதலும், தலைவனை மிகைப்பட உயர்த்துதலும் அதன் இயல்பு.

எனினும் மாற்றார் கூற்றே மக்கள் கூற்றுக்குத் துணையாகும் இடமும் உண்டு. 1801ஆம் ஆண்டுப் போரிற் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்சு என்னும் படைத்தலைவர் 1830இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். கோட்டை வீழ்ந்தபின், காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் காத்த செய்தியை அவர் எழுதியுள்ளார். போர்க்களத்தில் தன் மகனைத் தேடிச் சென்ற தாயொருத்தி மகனைக் கண்டாள். உயிர் ஊசலாடும் நிலையிலிருந்த அவன், தன்னை விடுத்து ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டினான். அப்பெண்கள் ஊமைத்துரையை எடுத்துச் சென்றனர். எட்டயபுரத்து வீரர் தேடி வந்தபோது, அவரைத் துணியால் மூடி, அம்மை நோயால் இறந்தவர் எனக் கூறி அழுதனர். நோய்க்கு அஞ்சி வீரர் அகன்றனர். போர்க்களத்து உழவர் பெண்டிரின் அறிவும் துணிவும் எந்த ஆணை ஓலையிலும் இடம்பெற்றிருக்க இயலாது. மக்கள் வாயிலாக வழங்கிய செய்தியை மாற்றுப்படையினர் ஒருவர் செவிமடுத்து எழுதினமையாலேயே அது நூலேறியது.

இவ்வரலாறு இன்றும் பழங்கதையாகிவிடவில்லை என்பதைச் சொற்பொழிவாளர் மறத்தலாகாது. ஒரு பாளையக்காரரின் குடிப்பெயர் காட்டிக்கொடுப்போர்க்குரிய வசைச்சொல்லாகத் தமிழில் வழங்குகிறது. இரு பாளையங்களின் பழைய எல்லைக்குட்பட்ட சிற்றூர்கள் அருகருகே உள்ளன. ஓரூரில் கைதட்டல் பெறும் உரை அடுத்த ஊரில் மனப்புண் விளைக்கும். ஆதலின், எந்த ஊரிற் பேசினும் மூவகைச் சான்றுகளையும் அவையோர் முன் வைத்து, அவற்றின் வலிமையையும் குறையையும் ஒரு நிறையாகக் காட்டுதல் வேண்டும். எட்டயபுரத்தில் ஒன்றும் பாஞ்சாலங்குறிச்சியில் மற்றொன்றும் கூறுவது ஆராய்ச்சியாகாது.

கேட்போர் வினவும் முறை

அவையோரை வெறுங் கேட்போராக இருத்துதல் பல்கலைக்கழகத்திற்கு இயல்பன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873இல் தன் புறநகர்ச் சொற்பொழிவு முறையை முறைப்படி தொடங்கியது. அதற்குக் காரணரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ராச்டேல் நகரத்துக் கூட்டுறவுத் தொழிலாளர்க்கு வானநூல் பற்றிப் பேசிவந்தார். ஒருமுறை விரைந்து செல்ல நேர்ந்தமையால், தாம் காட்டிய படங்களை மன்றத்திலேயே விட்டுச் சென்றார். தொழிலாளர் அவற்றைக் கண்டு தம்முட் கலந்துரையாடி, அடுத்த உரைக்கு முன்னரே வந்து வினாக்களை அடுக்கினர். அதன் பயனை உணர்ந்த அவர், வினாவிடைக்கெனத் தனிப் பொழுது ஒதுக்குவதை வழக்கமாக்கிக்கொண்டார். வானநூலுக்கே இம்முறை நலம் பயந்ததெனின், கேட்போரும் சான்றுடையராயிருக்கும் வரலாற்றுக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

வாய்மொழி பல்கலைக்கழகம் புக்கமை

தமிழகத்தில் இத்திசையில் நிகழ்ந்த முயற்சிகளுள் இரண்டு தனிச்சிறப்புடையன.

முதலாவது, நா. வானமாமலையின் பணி. 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்த அவர், பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி ஆசிரியர், மாணவர் முதலியோரைக் கூட்டி ஆய்வுரைகள் நிகழ்த்தச் செய்தார். அவர் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை முதலியவற்றை 1970களில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தெருவிற் பாடப்பட்ட கதை, முன்னுரையும் ஆய்வும் பெற்றுப் பல்கலைக்கழக முத்திரையுடன் வெளிவந்தமை ஒரு திருப்பமாகும். அவர் கதைப்பாடலை அப்படியே வரலாறெனக் கொள்ளவில்லை. அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு, மக்கள் ஏன் அவ்வாறு பாடினர் என வினவினார்.

இரண்டாவது, கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்தமை. கோவில்பட்டிக்கு அணித்தாகிய இடைசெவலிற் பிறந்த அவர், கல்லூரிக் கல்வி பெறாத கரிசல் உழவர். தெலுங்கு நாட்டினின்று குடிபெயர்ந்து கரிசற் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த மக்களின் வாய்மொழிச் செய்திகளை அடிப்படையாக்கிக் 'கோபல்ல கிராமம்' எழுதினார். 1982இல் வெளிவந்த அவரது கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, தனியொருவர் முயற்சியால் ஒரு வட்டாரத்தின் சொல்வளத்தைத் தொகுத்தது. 1980களின் இறுதியில், துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன் அழைப்பின்பேரில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பொறுப்புடைய பேராசிரியராக அவர் அமர்ந்தார். 2021இல் மறையும்வரை புதுவையே அவர் வாழிடமாயிற்று. பட்டம் பெறாதவரைப் பல்கலைக்கழகம் ஆசிரியராக ஏற்றமை அவர்க்கு மட்டும் பெருமை அன்று. அவர் யாரிடம் கதை கேட்டாரோ அப்பாட்டியரும் உழவரும் அவரோடு அவ்வவையிற் புகுந்தனர் என்க.

செய்யத்தக்கவை

கரிசல் நிலத்தில் வேளாண்மைத் துறை காட்டிய வழியை வரலாற்றுத் துறையும் பின்பற்றலாம். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் நிறுவப்பட்டது. கருங்கண்ணிப் பருத்தி இந்நிலத்து உழவர் வழிவழியாகப் பயிரிட்டது. ஆராய்ச்சியாளர் அவ்விதையை எடுத்து ஆய்ந்து, நல்லனவற்றைத் தெரிந்து பெருக்கி, உழவர்க்கே திருப்பி அளித்தனர். விதை உழவருடையது, தெரிதல் ஆய்வாளருடையது. வரலாற்றிலும் செய்தியை மக்களிடமிருந்து பெற்று, ஆய்ந்து, ஆய்ந்தவாறு அவர்களிடமே மீட்டுரைத்தல் வேண்டும்.

இதற்கு முதற்கண் பருவம் அறிதல் வேண்டும். மானாவாரி நிலத்தில் புரட்டாசி, ஐப்பசி விதைப்புக் காலம்; மாசி, பங்குனி வரை அறுவடையும் பருத்தி எடுப்பும் நீளும். கல்லூரி ஆண்டுக்கு ஏற்ப ஐப்பசியில் உரை வைத்து, உழவர் வரவில்லை எனக் குறை கூறுதல் பொருந்தாது. கோயில் கொடையும் கூத்தும் நிகழும் சித்திரை, வைகாசியே உரைக்குத் தக்க காலம். அடுத்து, உரை நிகழும் ஊரைப் பற்றிய கல்வெட்டு, ஆவணம் ஆகியவற்றின் படிகளை ஊரார் காண வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, உரைக்குப் பின்னர் ஊரார் கூறும் செய்திகளைச் சொன்னவர் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றோடும் அவர் இசைவோடும் ஒலிப்பதிவு செய்து, ஒரு படியை அவ்வூர் நூலகத்திலேயே வைத்தல் வேண்டும்.

முடிவுரை

கழுகுமலைப் பாறையிற் பெயர் பொறிக்கப்பெற்ற மாணாக்கர் ஊர்ப்பெயரோடு அறியப்படுகின்றனர். ஊமைத்துரையைக் காத்த தாயின் பெயர் வெல்சின் ஏட்டில் இல்லை. கரிசற் காட்டில் இன்று கதை சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்; அடுத்த தலைமுறையினர் பலர் ஊரைவிட்டு வேலை தேடி அகல்கின்றனர். ஆதலின் மேற்கூறிய பணி காலந் தாழ்த்தற்குரியதன்று. சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் ஒன்றுகூடி, கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களில் ஆண்டுக்கு ஓர் உரையேனும் நிகழ்த்தி, அன்று கேட்டவற்றைப் பெயரோடு பதிவு செய்யத் தொடங்குதல் நலம். அவ்வாறு தொகுக்கப்பெறும் பதிவுகளே இந்நிலத்து வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு நான்காவது சான்றாக அமையும்.