விலக்கா? தடையா? யூதப் பண்டிகைகளில் பெண்கள்

யூத மதத்தில் கட்டளைகள் இரண்டு வகைப்படும். "செய்" என்பது ஒன்று, "செய்யாதே" என்பது மற்றொன்று. "செய்" என்னும் கட்டளைகளில், குறிப்பிட்ட நாளிலோ நேரத்திலோ செய்ய வேண்டியவற்றிலிருந்து பெண்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூலில் இந்த விதி உள்ளது.

இதன்படி, புத்தாண்டில் ஊதப்படும் ஷோபார் என்ற கொம்பின் ஒலியைக் கேட்பதும், கூடாரப் பண்டிகையில் கூடாரத்தில் தங்குவதும் பெண்களுக்குக் கடமை அல்ல.

ஆனால் இந்த விதி எல்லாப் பண்டிகைக்கும் பொருந்தாது. பாஸ்கா இரவில் நான்கு கிண்ணம் திராட்சை ரசம் அருந்துவது, பூரிம் நாளில் எஸ்தர் நூல் வாசிப்பைக் கேட்பது, ஹனுக்கா விளக்கு ஏற்றுவது ஆகிய மூன்றும் பெண்களுக்கும் உரியவை. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரப்பி யோசுவா பென் லேவி இதற்குச் சொன்ன காரணம் எளிமையானது: அந்த அற்புதங்களில் பெண்களும் பங்கு பெற்றவர்கள்.

சரி, விலக்கு உள்ள சடங்கை ஒரு பெண் விரும்பிச் செய்தால்? செய்யலாம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. சடங்குக்கு முன் சொல்லும் ஆசீர்வாதத்தில், இறைவன் "எங்களுக்குக் கட்டளையிட்டார்" என்ற பொருளில் ஒரு தொடர் வரும். கட்டளையே இல்லாத பெண் அதை எப்படிச் சொல்வது?

12-ஆம் நூற்றாண்டில் இரு பெரும் அறிஞர்கள் இதில் வேறுபட்டனர். பிரான்ஸில் வாழ்ந்த ரப்பேனு தாம், பெண்கள் ஆசீர்வாதத்தைச் சொல்லலாம் என்றார். எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், சடங்கைச் செய்யலாம், ஆசீர்வாதம் சொல்லக் கூடாது என்றார். 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ மைமோனிடிஸின் வழியில் சென்றார். போலந்து அறிஞர் மோசே இசர்லீஸோ, தம் பகுதிப் பெண்கள் ஆசீர்வாதம் சொல்வதே வழக்கம் என்று எழுதினார். இன்றும் அஷ்கெனாசிப் பெண்கள் பலர் சொல்கிறார்கள். செபார்டிப் பெண்கள் பலர் சொல்வதில்லை.

இன்னொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. பாஸ்காவிலிருந்து 49 நாட்களை எண்ணும் ஓமர் சடங்கைப் பெண்கள் தாங்களாகவே கடமையாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் கோம்பினர் எழுதினார். யாரும் கட்டளையிடவில்லை. பெண்கள் முதலில் செய்தார்கள். சட்டம் பிறகுதான் அதை எழுதிக்கொண்டது.

விலக்கு வேறு, தடை வேறு. இந்த வேறுபாட்டை நூல்களில் எழுதியவர்கள் ஆண்கள். வாழ்ந்து காட்டியவர்கள் பெண்கள்.