தாவோஸ்: டிபி வளர்த்த பனிமலை ஊர்

தாவோஸ் என்றதும் டிவியில் வரும் உலகப் பொருளாதார மாநாடுதானே உங்களுக்கு ஞாபகம் வரும்? ஆனால் அந்த ஊரைப் பெரிசாக்கியது பணம் இல்லீங்க. டிபி. அதாவது காசநோய்.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில், சுமார் 1560 மீட்டர் உயரத்தில், மாடு வளர்த்துப் பிழைத்த சின்ன கிராமம் அது. 1853இல் அங்கே வைத்தியம் பார்க்க வந்தவர் அலெக்சாண்டர் ஷ்பெங்லர். ஜெர்மானியப் புரட்சியில் சேர்ந்து, தப்பி வந்த அகதி. உள்ளூர்க்காரர்களுக்கு டிபி வருவது அபூர்வம் என்று கவனித்தார்.

1865 பிப்ரவரி. கொட்டும் பனியில் இரண்டு ஜெர்மன் நோயாளிகள் வந்து இறங்கினார்கள். நெஞ்சு நோய்க்காரரைக் குளிர் அண்டவே கூடாதுன்னு நம்பிய காலம்! இருவருக்கும் உடம்பு தேறியது. அப்புறம் என்ன, கூட்டம்தான்.

சிகிச்சை என்ன தெரியுமா? கம்பளியைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் மணிக்கணக்கில் படுத்துக் கிடப்பது. நல்ல சாப்பாடு, பால். துப்புவதற்கு ஆளுக்கொரு நீலக் கண்ணாடிக் குப்பி. அவ்வளவுதான்.

கூட வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? 1883இல் க்ளோஸ்டர்ஸ் வரை சறுக்குவண்டிப் பந்தயம் வைத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கானன் டாயிலும் டாக்டர்தான். டிபி வந்த மனைவியோடு தாவோஸில் இருந்தபோது, 1894இல் மலையைத் தாண்டி அரோசாவுக்கு ஸ்கீயில் போனார். இன்றைய பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்கு விதை இப்படித்தான் விழுந்தது.

சரி, அந்தக் காற்று டிபியைக் குணப்படுத்தியதா? 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வைப் பாருங்க. வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் ஆறு மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்ற 55 பேரில் 4 பேர். மாத்திரைகளும் வந்தபின் தாவோஸ் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக ஹோட்டல் ஆயின.

மிச்சமிருந்த நம்பிக்கையை உடைத்தது நம்ம சென்னைங்க! 1956இல் தொடங்கிய ஆய்வில், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே பலன். வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இன்னமும் என்னிடம் "மலைப்பக்கம் போய் இருந்தா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். தாராளமா போங்க, ஊர் சுற்ற. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? முதலில் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துப் பாருங்க. டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம்.