கொழும்பு வளர்ந்த வரலாறும் தீவகத்தார் கற்ற பாடமும்

கொழும்பிலே கடலை நிரப்பி உண்டாக்கிய புதிய நிலத்தையும், வானளாவ நிற்கும் தாமரைக் கோபுரத்தையும் காண்போர் வியப்படைகின்றனர். வியத்தல் தகும். ஆயினும், அந்நகரை வளர்த்தவர் யாவர், அவ்வளர்ச்சியில் அவர் பெற்ற பங்கு யாது என்னும் வினாக்களைப் புங்குடுதீவாராகிய நாம் கேளாதிருத்தல் முறையன்று. ஏனெனில், அந்நகரின் வரலாற்றில் எமது முன்னோரின் வியர்வையும் கலந்துள்ளது.

கொழும்பு ஆதிமுதலே இலங்கையின் தலைமைத் துறைமுகமாய் இருக்கவில்லை. பெருங்கப்பல்கள் முன்னர் காலித் துறையையே நாடின. 1875ஆம் ஆண்டிலே கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்தாண்டளவில் அது நிறைவெய்தவே, கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின, காலி தளர்ந்தது. மலைநாட்டுத் தேயிலை புகைவண்டியில் வந்து கப்பலேறிற்று. 1905இல் யாழ்ப்பாணமும் புகைவண்டிப் பாதையாற் கொழும்புடன் இணைந்தது.

அப்பாதையே எமது தீவாருக்கும் வழி திறந்தது. நன்னீர் குறைந்த எமது மண்ணிற் கமத்தை மாத்திரம் நம்பி வாழ்தல் அரிது. ஆகவே, வாலிபர் பலர் தோணியேறி யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து கொழும்பை அடைந்தனர். கடைச் சிப்பந்திகளாய்ச் சேர்ந்து, உண்பதும் உறங்குவதும் கடையிலேயே என வாழ்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்துப் பின்னர் தாமே முதலாளிகளாயினர். புறக்கோட்டையிலும் தென்னிலங்கையின் வேறு பட்டினங்களிலும் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடாத்தினர். அவர் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகளும் கோயில்களும் எழுந்தன.

1977இல் நாட்டின் வாணிபக் கதவுகள் அகலத் திறக்கப்பட்டன. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. 1982இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையிற் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. நகரம் விரைந்து வளரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த வேளையில், 1983 யூலையில் வன்செயல் மூண்டது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பல உயிர்கள் மாண்டன. தம் வீட்டிலே அயலவரை ஒளித்துக் காத்த சிங்களச் சகோதரரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. எனினும், 1958இற் கடையிழந்தும் மீண்டும் திறந்தோர் பலர், இம்முறை கடல் கடந்து சென்றனர். அவரது உழைப்பும் அனுபவமும் பிற நாடுகளுக்குச் செல்வமாயின.

இவ்விடத்திற் சிங்கப்பூரை நோக்குவோம். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப்பகுதி தீக்கிரையாகிச் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். முந்திய ஆண்டிலே தொடங்கிய வீடமைப்புச் சபை, எரிந்த அவ்விடத்திலேயே தொடர்மாடி வீடுகளை எழுப்பிற்று. அங்கு தீக்குப் பின் மக்களுக்கு வீடு எழுந்தது. இங்கு தீக்குப் பின் மக்கள் வெளியேறினர். இரு நகரங்களின் பிற்கால வேற்றுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது துணிபு.

2009இற் போர் முடிந்தபின் கொழும்பைப் புதுப்பிக்கும் வேலை மீண்டும் வேகங்கொண்டது. 2011இல் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை இடிக்கப்படாது திருத்தப்பட்டு, கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடமாயிற்று. பழமையைக் காத்தே புதுமை செய்யலாம் என்பதற்கு அது சான்று. ஆனால், 2010இற் கொம்பனித்தெருவிலே ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டதும் உண்மை. தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டோர்க்கு உறுதியான சுவரும் குழாய்நீரும் கிடைத்தன. வாசலிற் சிறுகடை வைத்துப் பிழைத்தோர்க்கோ அப்பிழைப்பு அரிதாயிற்று. 2014இல் தொடங்கிய துறைமுக நகருக்காகக் கடலிலிருந்து 269 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது. எனினும், 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது தவித்தது. உயர்ந்த கட்டிடம் மாத்திரம் செல்வத்தின் அளவுகோல் அன்று என்பது அப்பொழுது யாவர்க்கும் புலனாயிற்று.

வாலிப அன்பர்களே, இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று. 1990இலும் 1991இலும் போர் எமது தீவகத்தாரையும் பெயர்த்தெறிந்தது. கூரையிழந்த வீடுகளும் தூர்ந்த கிணறுகளும் இன்றும் எமது ஒழுங்கைகளில் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தால் இங்கும் கட்டிடங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அடிக்கல் நாட்டுமுன் ஒரு வினாவைக் கேட்போமாக: இதனால் ஒரு குடும்பமேனும் இவ்வூரிலே தங்கி வாழ வழி பிறக்குமா? கிணற்றைத் தூரெடுத்தலும், குளத்தைத் திருத்தலும், ஒரு பிள்ளைக்குத் தொழில் பழக்குதலும் சிறிய வேலைகளாய்த் தோன்றலாம். ஆனால், ஊரை ஊராக்குவன அவையே.

மற்றொன்று. கொழும்பிற் கடை நடாத்திய முதியோர் சிலர் எம்மிடையே இன்னும் உளர். எத்தெருவிற் கடை, எவ்வாண்டு திறந்தது, எவ்வாறு முடிந்தது என்பவற்றை அவர் வாயிலாகக் கேட்டு எழுதிவைத்தல் வாலிபரின் கடமை. நகரத்தின் வரலாற்றிலே எமது முன்னோர்க்குரிய பக்கத்தை நாமே எழுதாவிடின், வேறு எவர் எழுதுவர்?