காட்டுத்தீயும் சரிபாதிப் பணமும்

1910 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் வடமேற்கில் சூறைக்காற்று வீசியது. ஐடஹோ, மோன்டானா மாநிலங்களின் மலைக்காடுகளில் அந்தக் கோடை முழுக்க அங்கங்கே கனன்றுகொண்டிருந்த தீயெல்லாம் ஒன்றுகூடின. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் கருகியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் கூலிக்குத் தீயணைக்க வந்தவர்கள். வாலஸ் என்ற சுரங்க ஊருக்கு அருகே வனக்காவலர் எட் புலாஸ்கி, தன்னோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் ஓட்டிச் சென்றார். பயத்தில் வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்தினார். நனைத்த போர்வையை வாசலில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பெரும்பாலோர் பிழைத்தார்கள். புலாஸ்கியின் கண்ணும் நுரையீரலும் கெட்டுப்போயின. அதற்கு இழப்பீடு தர அரசுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே தீதான் வாஷிங்டனில் பல ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு மசோதாவைக் கரைசேர்த்தது. மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஜான் வீக்ஸின் பெயரால் அறியப்படும் அந்தச் சட்டத்தில் 1911 மார்ச் 1 அன்று அதிபர் டாஃப்ட் கையெழுத்திட்டார். காடுகளை விலைக்கு வாங்குவதுதான் அதன் முதன்மை நோக்கம். கூடவே, மாநிலங்களின் தீத்தடுப்புப் பணிக்கு 2 லட்சம் டாலர் ஒதுக்கியது. காட்டுத்தீயைத் தடுக்க மைய அரசு மற்றவர்களுக்குக் கொடுத்த பணத்தின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மைய அரசு எவ்வளவு தருகிறதோ அவ்வளவு பணத்தை மாநிலமும் போட வேண்டும். போதாததற்கு, தீயைக் கவனிக்கும் அமைப்பு ஒன்று அந்த மாநிலத்தில் முன்பே இருக்க வேண்டும். முதல் ஆண்டில் 11 மாநிலங்கள்தான் தேறின. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், மின்னசோட்டா, ஆரிகன் போன்றவை. மரத்தொழிலில் காசு பார்த்த, வரி வருமானம் உள்ள மாநிலங்கள் அவை. ஓசிப் பணம் வீணாகும், கைக்காசு போட்டவன் பொறுப்பாக இருப்பான் என்ற எண்ணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கைக்காசே இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வியை அன்று சட்டம் எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. தன் பங்கைப் போட வேண்டும் என்ற அந்தக் கணக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த மானியங்களை விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

பணம் எதற்குப் போனது? காவல் கோபுரத்தில் உட்கார்ந்து புகையைப் பார்ப்பவருக்கும், குதிரையில் காட்டைச் சுற்றி வருபவருக்கும் சம்பளமாக. 1924-இல் வந்த கிளார்க்-மெக்நரி சட்டம் தொகையை ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் வரை உயர்த்த வழிசெய்தது. நோக்கம் மாறவில்லை. காட்டில் தீயே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கொள்கை மோதிய முதல் எதிரி, பரம்பரையாகத் தீவைக்கத் தெரிந்த மனிதர்கள். கலிஃபோர்னியாவின் க்ளமத் ஆற்றங்கரையில் வாழும் கருக், யூரோக் மக்கள் பருவம் பார்த்துச் சிறு தீ வைத்துக் காட்டைப் பராமரித்தவர்கள். கூடை முடைய அவர்களுக்கு ஹேசல் செடியின் நீண்ட, கிளைபிரியாத தண்டு வேண்டும். தரைமட்டம் வரை எரிந்த புதரிலிருந்து துளிர்த்து வரும் தண்டுதான் அப்படி வளைந்து கொடுக்கும். கருவாலிக் கொட்டை பொறுக்கவும் மான் மேயவும் அதே தீ உதவியது. சருகும் புதரும் சேராததால் பெருந்தீக்கு இரை குறைவு. 1850-இலேயே கலிஃபோர்னியச் சட்டம் புல்வெளிக்குத் தீவைப்பதைக் குற்றமாக்கிவிட்டது. வனத்துறை வந்தபின் கெடுபிடி இன்னும் இறுகியது. தீத்தடுப்பில் அந்த மண்ணிலேயே தேர்ந்தவர்கள் எவரோ, அவர்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டுத்தான் தீத்தடுப்புக்கு அரசு பணம் ஒதுக்கியது. இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

தெற்கிலும் இதே கதை. ஃப்ளோரிடா, ஜார்ஜியா விவசாயிகள் மாட்டுக்குப் புதுப்புல் வரவும் உண்ணியை ஒழிக்கவும் பைன் காட்டில் ஆண்டுதோறும் மெல்லிய தீ ஓட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லி 1920-களின் கடைசியில் அமெரிக்க வனவியல் சங்கம் இளைஞர்களை லாரியில் ஏற்றி, திரைப்படக் கருவியும் மின்னாக்கியும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. படம் பார்க்கக் கூட்டம் கூடியது, தீவைப்பு நிற்கவில்லை. பின்னாளில், 1990-இல், ஃப்ளோரிடாவே திட்டமிட்ட எரிப்பை உரிமையாக ஏற்றுச் சட்டம் இயற்றியது.

1935-இல் வனத்துறைத் தலைவர் ஃபெர்டினண்ட் சில்காக்ஸ் ஓர் உத்தரவு போட்டார்: எந்தத் தீ கண்ணில் பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடங்க வேண்டும். 1910 தீயின்போது மோன்டானாவின் மிசூலாவில் வனத்துறைப் பொறுப்பில் இருந்தவர் அவர். அந்தக் காட்சி மனதை விட்டு அகலாத ஒருவர் போட்ட உத்தரவு என்பது புரிகிறது. 1978 வரை வனத்துறையின் வழி அதுவே. இடைப்பட்ட காலத்தில் காடு அடர்ந்தது, சருகு மெத்தை உயர்ந்தது, நகரத்து மக்கள் மலைச்சரிவுகளில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1991 அக்டோபரில் ஓக்லண்ட் குன்றுகளில் 25 பேர் இறந்து சுமார் 3,000 வீடுகள் சாம்பலானபோது, காட்டுத்தீ வீட்டுத்தீ ஆகிவிட்டது எல்லோருக்கும் தெரிந்தது.

வீடு எப்படிப் பற்றுகிறது என்பதை மோன்டானாவின் மிசூலா ஆய்வகத்தில் ஜாக் கோஹன் ஆராய்ந்தார். 1990-களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் ஒரு காட்டுத் துண்டை வேண்டுமென்றே எரித்து, எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. அப்படியானால் வீடுகளை எரிப்பது எது? காற்றில் பறந்து வரும் கங்கு. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் குழலில் ஒரு பிடி பைன் ஊசியிலை காய்ந்து கிடக்கும். கங்கு அதில் விழுந்து புகையும்; கூரையின் ஓரப்பலகை பற்றும். இல்லையென்றால் பரணுக்குக் காற்று போகும் துளைவழியே உள்ளே நுழையும். சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி என்று எதுவும் போதும். துளைக்கு 3 மில்லிமீட்டர் கம்பிவலை, குழலில் சருகு அள்ளல், சுவரிலிருந்து ஐந்து அடிக்கு எரியும் பொருள் இல்லாத தரை: இவ்வளவுதான் மருந்து. விமானமோ தண்ணீர்க் குண்டோ வேண்டாம். ஆனால் இந்த வேலை வனத்துறையின் எல்லைக்கு வெளியே, தனியார் வீட்டில் நடக்க வேண்டியது. அரசுப் பணத்துக்கு அங்கே போக வழி இல்லாமலிருந்தது.

வழி மெதுவாகத்தான் திறந்தது. 2000 மே மாதம் தேசியப் பூங்காப் பணியாளர்களே வைத்த தீ கைமீறி லாஸ் அலமோஸ் நகரில் புகுந்து சுமார் 400 குடும்பங்களின் வீடுகளை எரித்தது. அதே ஆண்டில் தேசியத் தீத் திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு, ஆபத்தில் இருப்பதாக 11,000-க்கும் மேற்பட்ட ஊர்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. 2003 டிசம்பரில் வந்த சட்டம் ஒன்று ஊருக்கே எழுதுகோலைக் கொடுத்தது: உள்ளூராட்சி, உள்ளூர்த் தீயணைப்பு நிலையம், மாநில வனத்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒப்புக்கொண்ட தீக்காப்புத் திட்டம் இருந்தால், எந்தச் சரிவை முதலில் வெட்டித் திருத்துவது என்று ஊர் சொல்லலாம். 1911-க்குப் பிறகு நடந்த மிக நல்ல திருத்தம் இது.

பணம்தான் உடன் வரவில்லை. வனத்துறையின் வரவுசெலவில் 1995-இல் 16 விழுக்காடாக இருந்த தீச்செலவு 2015-இல் பாதியைத் தாண்டியது. தடுப்புக்கு வைத்திருந்த காசையே எடுத்து, அந்தப் பருவத்தில் எரியும் தீயை அணைக்கும் நிலை ஆண்டுக்காண்டு வந்தது. 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வில், 1997-க்கு முன் கட்டிய வீடுகளில் 11.5 விழுக்காடும், அதன்பின் கட்டியவற்றில் 38.5 விழுக்காடும் தப்பியது தெரிந்தது. வீட்டை மாற்றினால் பலன் உண்டு என்பதற்கு அதிக விலை கொடுத்துப் பெற்ற சான்று அது.

2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஊர்களின் தீக்காப்பு மானியத்துக்கென்று ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. திட்டம் எழுத இரண்டரை லட்சம் டாலர் வரை, திட்டப்படி வேலை செய்ய ஒரு கோடி டாலர் வரை. 2023 மார்ச்சில் முதல் சுற்றில் 22 மாநிலங்களிலும் 7 பழங்குடிகளிலும் 100 திட்டங்களுக்குச் சுமார் 19.7 கோடி டாலர் கிடைத்தது. தன் பங்கைப் போடும் நிபந்தனை இங்கும் உண்டு. ஆனால் சரிபாதியிலிருந்து, திட்டம் எழுத 10 விழுக்காடு, வேலைக்கு 25 விழுக்காடு என்று இறங்கியிருக்கிறது. வசதியற்ற ஊர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யலாம். 1911-இல் கேட்காத கேள்வியை யாரோ கடைசியில் கேட்டிருக்கிறார்கள்.

இருந்தாலும், பெரும்பாலும் ஊர் முதலில் செலவழித்து, ரசீது காட்டி, பிறகுதான் பணத்தை வாங்க வேண்டும். கணக்கெழுதச் சம்பளத்துக்கு ஆளில்லாத ஊருக்கு அது பெரிய சுமை. வெட்டிய சரிவில் புதர் சில ஆண்டுகளில் மறுபடி முளைத்துவிடும். மானியமோ ஒருமுறை வேலைக்கானது. மறுவெட்டுக்கும் மறு எரிப்புக்கும் யார் பணம் தருவது என்பது, அந்த 100 கோடி தீர்ந்த பிறகு ஒவ்வொரு ஊர்க் கூட்டத்திலும் எழப்போகும் கேள்வி.