மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய வம்பயர்: ஒரு நாசகாரிக் கப்பலின் 25 ஆண்டுகள்

கோமாரி முதல் கல்முனை, மட்டக்களப்பு வரையான கரையில் போர்க்கப்பல் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உள்நாட்டுப் போர்க்காலம்தான். கரையை ஒட்டி ரோந்து, கடலுக்குப் போகத் தடை, பாஸ். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இதே கடலில் இன்னொரு போர் வந்துபோனது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய கப்பல்களுள் ஒன்று, அவுஸ்திரேலியக் கடற்படையின் 'வம்பயர்' என்ற நாசகாரி.

நாசகாரி என்பது வேகமான, ஒப்பீட்டளவில் சிறிய போர்க்கப்பல். பெரிய கப்பல்களுக்குக் காவலாகச் செல்வதும் நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அதன் முக்கிய வேலைகள். வம்பயர் பிரித்தானியாவின் வைட் தீவில் உள்ள கவ்ஸ் என்ற இடத்தில் கட்டப்பட்டது. 1916 இல் வேலை தொடங்கியபோது அதன் பெயர் வலஸ். 1917 மே மாதம் நீரில் இறக்கப்படும் முன்பே பெயர் மாறிவிட்டது. நான்கு 4 அங்குலப் பீரங்கிகளும் டோப்பிடோக் குழாய்களும் கொண்ட இக்கப்பல் 34 நொட் வேகத்தில் ஓடக்கூடியது. முதலாம் உலகப்போருக்கென்று பிறந்த கப்பல். அந்தப் போர் அடுத்த ஆண்டே முடிந்தது.

1933 இல் வம்பயரும் வேறு நான்கு பழைய நாசகாரிகளும் அவுஸ்திரேலியாவுக்குக் கொடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஐந்தும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டன. ஜேர்மன் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். அந்தக் கப்பலோட்டிகள் கோபிக்கவில்லை. 'பழைய இரும்பு அணி' என்பதையே தமது பெயராக வைத்துக்கொண்டார்கள். இத்தாலியருக்கு எதிரான கலபிரியாக் கடற்சமர், லிபியக் கரையோரச் சண்டைகள், 1941 ஏப்ரலில் கிறீசிலிருந்து படையினரை மீட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை. இயந்திரங்கள் களைத்துப்போன நிலையில் 1941 நடுப்பகுதியில் வம்பயர் திருத்த வேலைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது.

அங்கேதான் அதன் கதை மாறுகிறது. 1941 டிசம்பர் 8 ஆம் திகதி 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'றிபல்ஸ்' என்ற இரு பெருங்கப்பல்கள், மலாயாவில் இறங்கிய ஜப்பானியரைத் தாக்கச் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. காவலுக்கு நான்கு நாசகாரிகள்: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனெடொஸ், வம்பயர். மேலே காவலுக்குச் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை. டிசம்பர் 10 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இரு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தன. ஏறத்தாழ 840 பேர் இறந்தனர். வம்பயர் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கடலிலிருந்து தூக்கியது. அடுத்த மாதம் மலாயாவின் எண்டாவ் கரைக்கு அப்பால், தனெற் என்ற மற்றொரு பழைய நாசகாரியுடன் சேர்ந்து இரவில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கியது. தனெற் மூழ்கியது, வம்பயர் தப்பியது.

பிறகு இலங்கை. உயிர்த்த ஞாயிறு என்றதும் இன்று நமக்கு 2019 தான் நினைவுக்கு வரும். 1942 இலும் ஏப்ரல் 5 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்றுதான் கொழும்பில் குண்டு விழுந்தது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் வந்திருந்தன. சிங்கப்பூரில் வம்பயருடன் புறப்பட்ட டெனெடொஸ் அன்று கொழும்புத் துறைமுகத்திலேயே மூழ்கியது.

ஏப்ரல் 8 ஆம் திகதி அந்தக் கப்பற்படை மீண்டும் காணப்பட்டது. குறி திருகோணமலை என்று ஊகித்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கியும் அதற்குக் காவலாக வம்பயரும் கரையோரமாகத் தெற்கே இறங்கின. ஹேர்மிஸ், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல். ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. எல்லாம் சீனன்குடாவில் இறக்கி விடப்பட்டிருந்தன. நான்கு மாதத்துக்கு முன் மலாயாவில் செய்ததையே இங்கும் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்: விமான மறைப்பு இல்லாமல் கப்பலைக் கடலில் விட்டார்கள்.

காலையில் திருகோணமலை தாக்கப்பட்டது. இரு கப்பல்களும் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் நின்றபோது ஜப்பானிய வேவு விமானம் கண்டுகொண்டது. 10.35 அளவில் எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் மேலிருந்து பாயத் தொடங்கின. இருபது நிமிடத்தில் ஹேர்மிஸ் இல்லை. அதன் தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். அடுத்து வம்பயர். குண்டுகள் பட்டு முதுகெலும்பு முறிந்து இரண்டாகப் பிளந்து, 11 மணியளவில் தாழ்ந்தது. தளபதி மொறனும் ஏழு மாலுமிகளும் உயிரிழந்தார்கள். இரத்மலானையிலிருந்து புறப்பட்ட பிரித்தானியப் போர்விமானங்கள் வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் காப்பாற்றக் கப்பல் இருக்கவில்லை. ஹொலிஹொக் என்ற சிறு காவற்கப்பலும் அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் இதே கரையோரம் மூழ்கின.

அருகே நின்ற 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் கடலிலிருந்து மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. செஞ்சிலுவைக் குறி இருந்த அதை ஜப்பானியர் தாக்கவில்லை. மருத்துவமனைகள் மீதே ஷெல் விழுந்ததைப் பார்த்தவர்கள் இந்த வரியைச் சற்று நின்றுதான் வாசிப்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட நான்கு நாசகாரிகளில் எலெக்ட்ரா பெப்ரவரியில் ஜாவாக் கடலில் போனது. எஞ்சியது எக்ஸ்பிரஸ் மட்டுமே. நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று அடுத்த ஜூன் மாதமே மிட்வேயில் அழிந்தன.

வம்பயரில் இறந்தவர்கள் ஒவ்வொருவரதும் பெயர் கன்பராவின் போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எட்டுப் பேருக்கு எட்டுப் பெயர். நமது பக்கத்துக் கடலிலும் கரையிலும் காணாமற்போனவர்களுக்கு அப்படியொரு சுவர் இன்னும் இல்லை.

ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. 2009 இற்குப் பிறகு, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், வெளிநாட்டுச் சுழியோடிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். வம்பயர் என்ற பெயரை அவுஸ்திரேலியா 1959 இல் சேவைக்கு வந்த மற்றொரு நாசகாரிக்கு வைத்தது. அது இப்போது சிட்னி டார்லிங் துறைமுகத்தில் கடல்சார் அருங்காட்சியகத்தின் கப்பலாக நிற்கிறது. அங்கே குடியேறிய நம்மவர்கள் பிள்ளைகளுடன் போய் ஏறிப் பார்க்கலாம்.