பீர்பூமில் கட்டிய பாட்டு

தாணேயில் கல்யாண வரவேற்போ நவராத்திரிப் பந்தலோ, ‘கேந்தா பூல்’ பாட்டைப் போட்டதும் பிள்ளைகள் ஆட இறங்கிவிடுகிறார்கள். பாட்ஷாவின் ராப்புக்கு நடுவே பாயல் தேவ் பாடும் வங்காள வரிகள்தான் அதன் உயிர். அந்த வரிகளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மேற்கு வங்காளம், பீர்பூம் மாவட்டம், சியூரி. அங்கே பீடி சுற்றிப் பிழைத்த, ‘பாது’ என்னும் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பாடும் ரதன் காஹார், 1972இல் ‘பொரோலோகேர் பீட்டி லோ’ என்ற அந்தப் பாட்டைக் கட்டினார். பாலியல் தொழில் செய்த ஒரு தாய், பெரிய வீட்டு மனிதர் ஒருவருக்குப் பிறந்த தன் மகளைப் பற்றி காஹாரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்பிள்ளையின் நீண்ட கூந்தலும் அதில் வைத்த பூவும்தான் பாட்டானது என்று பேட்டிகளில் காஹார் சொன்னார். இன்று அதற்கு ஆடுகிற எத்தனை பேருக்கு அந்தத் தாயைத் தெரியும்?

1976இல் ஸ்வப்னா சக்ரவர்த்தி பாடி இசைத்தட்டாக வந்தது. வங்காளம் முழுக்கப் பரவியது. பாட்டு ஊர் ஊராகப் போனது. கட்டியவர் பெயர் கூடப் போகவில்லை. வழிவழியாக வந்த பாட்டு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

2020 மார்ச் 26. ஊரடங்கு தொடங்கிய மறுநாள், சோனி மியூசிக் ‘கேந்தா பூல்’ வீடியோவை வெளியிட்டது. வங்காள வரிகளுக்கு ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றே போட்டிருந்தார்கள். வங்காளத்து ரசிகர்கள் கொதித்தார்கள். வழக்குப் போட வசதியில்லை என்றார் காஹார். முந்தைய பதிவுகள் எதிலும் அவர் பெயர் இல்லை என்று விளக்கிய பாட்ஷா, அவருக்கு 5 லட்சம் ரூபாய் அனுப்பினார். நல்ல மனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது அன்பளிப்பு. அவருக்குச் சேர வேண்டியது உரிமை. நம் சட்டப்படி, பாட்டை எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அதற்குப் பதிப்புரிமை உண்டு. பெயரே பதிவாகாதவர் அதைக் கொண்டு என்ன செய்ய முடியும்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். டிரேசி சாப்மன் 1988இல் எழுதிப் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை, 2023இல் கன்ட்ரி பாடகர் லூக் கோம்ஸ் மறுபடி பாடினார். பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம் வரை வந்தது. சாப்மன் பெயர் பாட்டோடு இருந்ததால் அவருக்கு ராயல்டி போனது. அந்த ஆண்டின் சிறந்த பாடலுக்கான சி.எம்.ஏ. என்ற கன்ட்ரி இசை விருதும், 35 ஆண்டு கழித்து, அவருக்கே போனது. 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள்.

காஹாருக்கும் 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதில் நிறைந்த மகிழ்ச்சி.

மும்பைத் தமிழர்களான நாமும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பொங்கலுக்கு மேடை போடுகிறோம். ஊர்ப் பாட்டுகள் பாடுகிறோம். ‘அடுத்து ஒரு நாட்டுப்புறப் பாடல்’ என்று அறிவிக்கும் முன், அதைக் கட்டியவர் யார் என்று பாடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் கிடைத்தால் மைக்கில் சொல்லுங்கள். யூடியூபில் ஏற்றினால் அங்கேயும் எழுதிவிடுங்கள்.