பாலாற்றுத் தோல் கழிவு வழக்கு: மாசுத் தடுப்புச் சட்டமும் குடிமக்களும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும், அதைத் தடுக்கச் சட்டம் வந்தும் நெடுங்காலம் எதுவும் நடக்காததும், பிறகு மக்கள் நீதிமன்றம் போனதும் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. வழக்கமாக இதை உச்ச நீதிமன்றத்தின் வெற்றியாகவே எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. மாசு நடக்கிறதா என்று பார்க்கும் வேலையைச் சட்டம் ஒரே ஓர் அலுவலகத்திடம் கொடுத்துவிட்டு, கிணறு கெட்டவரை வெளியே நிறுத்தியது. வழக்கு அந்தப் பூட்டிய கதவைச் சுற்றிக்கொண்டு போனது, கதவைத் திறக்கவில்லை. வழக்குக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளின் ஏற்ற இறக்கங்களை இந்தக் குறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிடுவது இந்தப் பகுதியின் பழைய தொழில். 1970-களின் தொடக்கத்தில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையே அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோம் உப்பும் பிற ரசாயனங்களும் பெருகின. ஏறக்குறைய அதே நேரத்தில்தான், 1974-ல், நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஒரு கை தொழிலைத் தள்ள, மறு கை அதன் கழிவைத் தடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தள்ளிய கை வேகமாக இருந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்ததே 1982-ல். நீர்நிலைகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் புதிய தொழில்களுக்கு இடமில்லை என்று மாநில அரசு ஆணையிட்டது 1989-ல். அதற்குள் ஆலைகள் ஆற்றோரத்தில் ஊன்றிவிட்டன.

நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். கழிவுநீர் மாதிரி எடுக்கும் அதிகாரி ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாதிரியைப் பாத்திரத்தில் அடைத்து முத்திரையிட வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். பொறுப்பாளர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வு முடிவு சாட்சியமாகாது. ஆலை நடத்துபவருக்கு இது நியாயமான பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் இந்தக் காட்சியில் விவசாயிக்கு இடமே இல்லை. மழைநாள் இரவில் கால்வாயில் நுரை ஓடுவதைப் பார்த்து அவர் பாட்டிலில் பிடித்து வைத்தால், அது சட்டத்தின் கண்ணில் வெறும் தண்ணீர். தொடக்கத்தில் குற்றவழக்குத் தொடரும் உரிமையும் வாரியத்துக்கோ அதன் எழுத்து அனுமதி பெற்றவருக்கோ மட்டுமே இருந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் 1988-ன் நீர்ச் சட்டத் திருத்தத்திலும், குடிமகனும் நேரடியாகப் புகார் தரலாம் என்று வாசல் திறந்தது. ஆனால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கழிவைத் திறந்துவிட்டவருக்கு அறுபது நாள் என்பது தடயமே இல்லாமல் துடைத்துவிடப் போதுமான அவகாசம். ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் அதே சட்டமும் திருத்தமும் அரசுக்கும் வாரியத்துக்கும் அதிகாரம் கொடுத்தன. ஆக, அதிகாரம் போதவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கும் ஆள்தான் இல்லை.

அந்த ஆளாக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் அரசியல் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி ரிட் மனுவோடு நேரே உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அறிவித்ததற்காக அத்தீர்ப்பு புகழ் பெற்றது. அதன் அடித்தளத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்குகளோடு, ஒரு தன்னார்வ அமைப்பு திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கும் தீர்ப்பில் இடம்பெற்றது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. மக்கள் எடுத்த கணக்கைக் கீழ்நீதிமன்றத்தில் முத்திரையில்லாத பாட்டிலாக ஒதுக்கியிருப்பார்கள். ரிட் மனுவில் அது சான்றாக நின்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் அமைக்காவிட்டால் மூடல், இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என்று உத்தரவுகள் வரிசையாக வந்தன.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை லேசானவை அல்ல. நீதிபதிகள் ஆலை நிர்வாகம் பார்க்கக் கூடாது என்பது ஒன்று. அதுவும் சரிதான், ஆனால் அந்த வேலை நீதிமன்றத்தின் மேசைக்கு வந்ததே வாரியம் செய்யாததால். நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போன காலம் அது. மூடினால் கூலித் தொழிலாளி தெருவுக்கு வருவார் என்பது அடுத்தது. அந்தத் தொழிலாளியின் வீட்டுக் குழாயிலும் அதே உப்புத் தண்ணீர்தான் வந்தது என்பதை மறந்தால்தான் இந்த வாதம் முழுமையாகும். மூன்றாவதைத்தான் நான் மதிக்கிறேன்: ஊர்ப்பகைக்கும் மிரட்டிப் பணம் பறிக்கவும் புகாரைப் பயன்படுத்துவார்கள் என்பது. நடக்கக்கூடியதே. அதற்கு மருந்து புகார்தாரரை விலக்குவதல்ல. மாதிரி எடுக்கும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்துவது. ஊரார் இருவர் கண்முன் முத்திரையிட்ட மாதிரியைப் பொய் என்று சொல்வது இரு தரப்புக்குமே கடினம்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆணையம் 2001-ல் சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. விடுபட்டவர்களுக்காக மறுபடி வழக்கு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பின. ஆனால் நிலையம் இருப்பது வேறு, அது ஒழுங்காக ஓடுவது வேறு. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் அப்படியொரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தினமும் அந்தத் தொட்டியின் பக்கத்தில் படுத்தவர்களுக்கு அதன் நிறைமட்டம் குறித்து எழுத்தில் புகார் பதிய எந்த வழியும் நீர்ச் சட்டத்தில் தனியாக வைக்கப்படவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று வழக்கில் தீர்ப்பளித்து, இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்து ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் சொன்னது. இதற்கிடையே 2023-ன் திருத்தத்தால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரையிலான பணத் தண்டனை வந்திருக்கிறது. அதை விதிப்பவர் நீதிபதி அல்ல, அரசு நியமிக்கும் அதிகாரி. அவருக்கு முன்னாலும், கழிவைக் கண்ணால் பார்த்தவர் கையில் இருக்கப்போவது அதே முத்திரையில்லாத பாட்டில்தான்.